செகண்ட் ஹாண்ட் கார்: நம்பி ஏறலாமா? சாந்திபுரம் வட்டாரத்து அனுபவங்கள்

சாந்திபுரம் கடைத்தெருவில் காலையில் அரை மணி நேரம் நின்றால் போதும். ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகம் என்று மூன்று மாநில நம்பர் போட்ட கார்களும் கண்ணில் பட்டுவிடும். குப்பம்–பலமனேர் சாலையில் இருக்கும் இந்த ஊருக்கு ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, மறுபக்கம் கோலார் தங்கவயல். மாவட்டத் தலைநகரான சித்தூரைவிட இவ்விரண்டும் பக்கம். ஆகவே கார் எந்த ஊரில் முதலில் ஓடியது, எந்த ஊரில் வரி கட்டியது, இப்போது யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதெல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் இருப்பது இங்கே சகஜம்.

இவற்றில் புதிதாக வாங்கியவை குறைவு. சென்னையிலோ பெங்களூரிலோ ஒருவர் ஐந்தாறு வருஷம் ஓட்டி விற்ற வண்டி, வேலூரிலோ ஓசூரிலோ இன்னொருவரிடம் சில வருஷம் இருந்துவிட்டு, மூன்றாவது கையாகவோ நான்காவது கையாகவோ இங்கே வந்து சேர்கிறது.

நம்மவர்கள் ஆடம்பரத்துக்காகக் கார் வாங்குவதில்லை. 1911-இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி வட்டாரம் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயிற்று; சில கிராமங்கள் இந்தப் பக்கம் வந்தன. வரைபடத்தில் கோடு நகர்ந்ததே தவிர உறவுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பெண் கொடுத்த வீடு திருப்பத்தூரில் இருக்கும். பெண் எடுத்த வீடு காவேரிப்பட்டணத்தில் இருக்கும். வீட்டுப் பெரியவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். கைக்குழந்தையும் மூட்டுவலிக்கார அம்மாவும் கூட இருந்தால் அந்தப் பயணம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பி.எப். முன்பணம், கூட்டுறவுச் சங்கக் கடன், தள்ளி எடுத்த சீட்டுப் பணம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் குமாஸ்தா உத்தியோகக்காரர் ஒரு பழைய கார் வாங்குகிறார். அது முதல் மாதமே மெக்கானிக் பட்டறையில் போய்ப் படுத்துக்கொண்டால் அடுத்த இரண்டு வருஷச் சேமிப்பும் அதோடு படுத்துவிடும்.

"எந்த வண்டி நல்ல வண்டி?" என்றுதான் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். பல வருஷம் பழைய கார் வைத்து ஓட்டியவர்களோ வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறார்கள். ரிப்பேர் வந்தால் சாமான் எங்கே கிடைக்கும்? ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது?

சாமான் கிடைக்கிற வண்டி

ஓய்வு பெற்ற ஓர் எழுத்தர் வெகு காலம் அம்பாசிடர் வைத்திருந்தார். 1950-களின் கடைசியில் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மாதிரியில் தயாராகத் தொடங்கிய அந்த வண்டி, 2014 மே மாதத்தில் நின்றது. "அதில் கெடாத சாமான் கிடையாது, சரி செய்ய முடியாத சாமானும் கிடையாது" என்பது அவர் அபிப்பிராயம். ஸ்டீயரிங் பக்கம் கிங்பின் தேயும், வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பெட்ரோல் குடிக்கும். ஆனால் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்திருக்கிற எவரும் அதைத் திறந்து பார்த்துவிடலாம். குடும்பத்தோடு எட்டுப் பேர் ஏறிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன கதைகளை அவர் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். வண்டியை அவர் விற்றதற்குக் காரணம் எஞ்சின் அல்ல. தெரிந்த மெக்கானிக் காலமானார். அவருடைய பையனுக்கு மோட்டார் சைக்கிள் வேலைதான் தெரியும்.

அம்பாசிடருக்குப் போட்டியாக இருந்த பத்மினி, அதாவது பழைய பியட், 2000-ஆம் ஆண்டு வாக்கில் தயாரிப்பில் இருந்து மறைந்தது. இன்று அதை வைத்திருப்பவர்கள் ஆசைக்கு வைத்திருக்கிறார்கள். குடும்ப வண்டியாக வாங்க அதை யாரும் தேட வேண்டாம்.

மாருதி 800-இன் கதை வேறு. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் வண்டியின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 796 சி.சி., மூன்று சிலிண்டர். 2014 ஜனவரியில் தயாரிப்பு நிற்பதற்குள் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது. இந்த எண்ணிக்கைதான் அதன் பலம். பள்ளி ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கும் ஒருவர் மூன்றாவது கையாக வாங்கிய 800-ஐ ஒன்பது வருஷமாக ஓட்டுகிறார். கிளட்ச் பிளேட், சைலன்சர், பேட்டரி, இரண்டு முறை டயர், ஒரு ரேடியேட்டர் ஆகியவை அவர் மாற்றியவை. எதற்கும் இரண்டு நாளுக்கு மேல் காத்திருந்ததில்லை. குப்பத்தில் கிடைக்காததை கிருஷ்ணகிரியில் வாங்கலாம். அங்கும் இல்லை என்றால் காலை ரயிலில் பெங்களூர் போய் ஜே.சி. ரோட்டில் வாங்கி மாலையில் திரும்பலாம். சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் பழைய சாமானே பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட சாமானைப் பழையதாக வாங்கக் கூடாது என்கிறார் அவர். இதில் அவர் கண்டிப்பானவர். மற்றபடி காசு விஷயத்தில் கெட்டிக்காரர்.

பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் இன்னொருவரிடம் ஆம்னி வேன் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் சரக்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பம். தக்காளி சீசனில் மைத்துனருக்காக வி.கோட்டா மார்க்கெட்டுக்கும் போய் வரும். பின்பக்கப் பட்டைகள் உட்கார்ந்துவிடும், மாற்ற வேண்டும். அதைத் தவிரக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், கோடையில் ஓட்டுகிறவருக்கு அடுப்பின் மேல் உட்கார்ந்த கதிதான்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. ஒரு வங்கி ஊழியர் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பெரிய கார் மலிவாக வந்ததே என்று வாங்கினார். மலிவுக்குக் காரணம், அந்தக் கம்பெனி இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டதுதான். ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஒரு சின்ன சென்சார் போயிற்று. அது வருவதற்கு ஆறு வாரம் ஆயிற்று. ஆறு வாரமும் தார்ப்பாய் போர்த்தி வாசலில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார். வண்டி கெட்ட வண்டி என்று அவர் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. அது உண்மையாகவும் இருக்கலாம். சாந்திபுரத்துக்கு அது ஒத்துவராத வண்டி.

மலை ஏறும்போது தெரியும்

விற்கிறவர்கள் பேச்சு ஊருக்கு ஊர் மாறுவதில்லை. "சிங்கிள் ஓனர்ண்ணா. டாக்டர் ஓட்டின வண்டி. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு." இந்த டாக்டர் எல்லாத் தரகர்களிடமும் இருக்கிறார். அவர் எத்தனை கார் வைத்திருந்தார், நோயாளிகளை எப்போது பார்த்தார் என்பதுதான் விளங்கவில்லை.

கிலோமீட்டர் கணக்கையும் நம்புவதற்கில்லை. பழைய வண்டிகளில் கேபிளைக் கழற்றிப் பின்னால் சுற்றினார்கள். இப்போது கம்ப்யூட்டர் வைத்துக் குறைக்கிறார்கள். மீட்டரைப் பார்ப்பதைவிடக் கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரைப் பார்க்கலாம். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, ஓட்டுநர் சீட் ஒரு பக்கம் குழிந்திருந்தால் அந்தக் கணக்கு பொய்க்கணக்கு.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் மெக்கானிக்குகள். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பல கோளாறுகள் மறைந்துவிடும். எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் போல வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் இப்படிப் படிவதுண்டு. ஆகவே ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. பெயிண்டில் பட்டி வைத்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். இரும்புத் தகட்டில் ஒட்டுகிற காந்தம் பட்டியில் ஒட்டாது. பம்பருக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அது இப்போதெல்லாம் பிளாஸ்டிக்.

இத்தனையும் பார்த்த பிறகும் உண்மையைச் சொல்வது மலைதான். சித்தூரில் இருந்து பலமனேர் வரும் வழியில் பங்காருபாளையத்துக்கு மேலே மொகிலி கணவாய் இருக்கிறது. நல்ல வெயிலில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, அந்த ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் அடைப்பு இருந்தாலும், விசிறி சரியாகச் சுற்றாவிட்டாலும், கிளட்ச் நழுவினாலும் அங்கே தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் பியட்டும் அம்பாசிடரும் இப்படிப்பட்ட ஏற்றங்களில் பெட்ரோல் ஆவியாகி நின்றுவிடும். ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பில் சுற்றி, கால் மணி நேரம் காத்திருந்து கிளப்புவார்கள். இப்போதைய வண்டிகளில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் சூடு ஏறியும் ஓட்டிக்கொண்டே போனால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அதன் பிறகு ஆகும் செலவு வண்டி விலையில் பாதியைத் தொடும்.

திருமலையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் பயப்பட வேண்டியது. ஏறுவதற்கு 1974-இல் போட்ட இரண்டாவது பாதை. இறங்குவதற்கு 1944-இல் திறந்த பழைய பாதை. கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் அந்தப் பழைய பாதையில் நம்மவர்கள் பலர் நியூட்ரலில் போட்டு, பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து, பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறார்கள். பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து, பெடல் தரை வரை இறங்கிவிடும். இரண்டாவது கியரில் எஞ்சினையே தடையாக வைத்து இறங்குவதுதான் சரி. பழைய கார் வாங்கினால், முதல் திருப்பதிப் பயணத்துக்கு முன்பு பிரேக் ஆயில், பிரேக் லைனிங், டயர் இவற்றை மாற்றிவிடுவது என்று ஒரு தபால் ஊழியர் வழக்கம் வைத்திருக்கிறார். மாற்றிய பிறகுதான் பூஜையே போடுவாராம்.

தண்ணீரில் நின்ற வண்டிகள்

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. 2021 நவம்பரில் திருப்பதி நகரமும் அப்படியே தவித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னை. மூழ்கிய வண்டிகளைச் சுத்தம் செய்து வெளியூர்களில் விற்பது பழைய கார் வியாபாரத்தில் தெரிந்த சங்கதி. பார்வைக்குப் புதுசு போல இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஒயரிங்கில் பச்சைக் களிம்பு ஏறிக்கொண்டே வந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு விளக்கு, வைப்பர், ஜன்னல், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாகப் போகும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் உள்ளே சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். முன் சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னிக்கு அடியில் வண்டல், தரை விரிப்பைத் தூக்கினால் பூஞ்சை வாசனை இவை இருந்தால் பேரம் பேசவே வேண்டாம். வண்டிக்குள் ஏறியதும் சாம்பிராணி வாசனை தூக்கலாக இருந்தாலும் சற்று யோசிக்கலாம்.

புத்தகத்தில் யார் பெயர்?

எல்லை வட்டாரத்தில் நம்மவர்கள் அதிகம் அவதிப்படுவது எஞ்சினால் அல்ல, காகிதத்தால். சொந்தக்காரர் கிருஷ்ணகிரியில் வைத்திருந்த காரை வாங்கி இங்கே ஓட்டுகிறோம். மச்சான் பெயரில்தானே இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். மூன்று வருஷம் கழித்து ஒரு விபத்து நடந்தால்?

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இது பற்றித் தெளிவாகத் தீர்ப்புக் கூறியது. 2007-இல் விற்கப்பட்டு, பல கை மாறிய கார் ஒன்று 2009-இல் விபத்துக்குள்ளாகி உயிர்ச் சேதம் ஏற்பட்டது. கார் என்னிடம் இல்லை, விற்றுவிட்டேன் என்று முதலில் விற்றவர் சொன்னார். ஆனால் பதிவேட்டில் அவர் பெயர்தான் இருந்தது. ஆகவே சட்டத்தின் பார்வையில் அவரே உடைமையாளர், நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பும் அவரே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வாங்கியவருக்குப் பெயர் மாற்றும் அவசரம் இல்லாமல் இருக்கலாம். விற்றவருக்குத்தான் தூக்கம் வரக் கூடாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இந்த மாநில நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருந்து தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., வேண்டும். படிவம் 28. விற்றவர் தகவல் கொடுப்பது படிவம் 29, வாங்கியவர் பெயர் மாற்றக் கேட்பது படிவம் 30, புது நம்பர் கேட்பது படிவம் 27. வண்டியின் மேல் கடன் இருந்து அடைத்துவிட்டார்கள் என்றால் படிவம் 35-இல் பைனான்ஸ் கம்பெனியின் கையெழுத்தும் வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாமல் பணம் கொடுக்கவே கூடாது. பழைய கடன்காரன் ஒருநாள் வந்து வண்டியை எடுத்துப் போனால், நாம் கட்டிய பணத்துக்கு வழக்குப் போட்டு அலைய வேண்டியதுதான்.

ஆந்திராவில் வரி கட்ட வேண்டுமே என்றுதான் பலர் பின்வாங்குகிறார்கள். வண்டியின் வயது ஏற ஏற ஆயுள் வரி குறையும். முன்பு வேறு மாநிலத்தில் கட்டிய ஆயுள் வரியில், ஓடாத காலத்துக்கான பங்கை அங்கே திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது. அதற்கு இங்கே பதிவு செய்த ஆதாரத்தைக் காட்ட வேண்டும். முன்பு சித்தூர் மாவட்ட வண்டிகளுக்கு ஏ.பி. 03 என்று நம்பர் வரும். 2019-இல் இருந்து மாநிலம் முழுவதற்கும் ஏ.பி. 39 என்று ஒரே வரிசையாக ஆக்கிவிட்டார்கள். ஆகவே ஏ.பி. 39 என்று பார்த்துவிட்டு இது நம்ம ஊர் வண்டி என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீகாகுளத்தில் பதிவானதாகவும் இருக்கலாம்.

இன்சூரன்ஸில் ஒரு நுணுக்கம். மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு சேர்ந்து புதியவருக்கு வந்துவிடும். நம் வண்டிக்கே ஆன சேதத்துக்குப் பணம் வேண்டுமானால் பாலிசியில் நம் பெயர் ஏறியிருக்க வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது சட்டம்.

தரகர் மூலமாக வாங்குகிறவர்களுக்கு: 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் படம் காட்டுகிறவரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

15 வயது வண்டி

மிகவும் மலிவாகக் கிடைப்பவை 15 வருஷத்தை நெருங்கும் வண்டிகள். அங்கேதான் கணக்குப் போட வேண்டும். தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்கு; பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 20 வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இதற்கு மேல் மாநில அரசின் பசுமை வரி, தகுதிச் சான்றுக்கு முன்பு செய்யும் டிங்கரிங், பெயிண்டு செலவு எல்லாம் இருக்கிறது. வண்டியை 60,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டு இவற்றை மறந்தவர்கள் உண்டு.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-க்குள் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலப்பது வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவிகிதக் கலப்புக்குச் சரி செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று சொல்லியிருந்தார்கள். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் ரப்பர் குழாயும் கேஸ்கெட்டும் ஊறி, வெடித்து, பெட்ரோல் கசியத் தொடங்குகிறது. பெட்ரோல் வாசனை வந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஆகவே பள்ளிக்கூட லீவுக்கு மட்டும் வெளியே எடுக்கும் வண்டியில், அரை டேங்க் பெட்ரோலோடு இரண்டு மாதம் நிறுத்தி வைப்பது நல்லதல்ல.

ஒன்பது வருஷமாக 800 ஓட்டுகிற பள்ளிக் குமாஸ்தா சென்ற மாதம் பெட்ரோல் குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டார். பெங்களூர் ரயிலில் போய் வாங்கி வந்தது. பதிவு புதுப்பிக்க இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் மகள் கல்லூரியில் சேர வேண்டும். இரண்டுக்கும் ஒரே சீட்டுப் பணம்தான். வண்டியைக் கேட்டு இருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என்.ஓ.சி. எடுத்து, பெயர் மாற்றிக்கொண்டு ஓட்டுவதாக இருந்தால் மட்டும் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.